சட்டி உடைக்கும் ஊரில் ஓர் ஆண்டு

ஜெனீவாவில் குடியேறி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் வீட்டில் பாலும் இல்லை, ரொட்டியும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் தெரு முழுக்க ஷட்டர். மூலைக்கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள், பிரெஞ்சில். எனக்கு அது அரிச்சுவடி தெரியாதவள் முன் நீட்டிய கடிதம். வெறும் பையோடு படியேறி வந்தபோது இரண்டாம் மாடி அம்மாள், எண்பதைத் தாண்டியவர், கதவைத் திறந்து என் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். தட்டில் பாதி டார்ட். மாவுத் தட்டின்மேல் ஊதாநிறப் பிளம் துண்டுகளை ஓடு வேய்ந்ததுபோல அடுக்கிச் சுட்டது. “இன்றைக்கு உபவாசம். அதனால் இதைச் சாப்பிடுங்கள்” என்றார், நிதானமான ஆங்கிலத்தில்.

நாகர்கோவில்காரிக்கு உபவாசம் தெரியாதா? எங்கள் சபையில் உபவாச ஜெபம் என்றால் மதியம்வரை பச்சைத் தண்ணீர், அதற்குப்பின் கஞ்சியும் சிறுபயறும். பழமும் சீனியும் போட்ட பலகாரத்தைத் தின்று இருக்கிற உபவாசத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் பசித்தது. நானும் கணவரும் ஏழு வயது மகளும் நின்றபடியே அதைத் தின்று முடித்தோம்.

செப்டம்பர் முதல் ஞாயிறுக்கு அடுத்த வியாழன் அது. ‘ஜேன் ஜெனவ்வா’, அதாவது ஜெனீவா உபவாசம், என்று பெயர். ஸ்விட்சர்லாந்தின் மற்ற மாநிலங்கள் வேறொரு நாளை வைத்துக்கொள்ள, இந்த ஊர் மட்டும் வியாழனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1572-ல் பாரிஸில் புனித பர்த்தலோமேயு நாளன்று புராட்டஸ்டண்டுகளை வெட்டிக் குவித்த செய்தி வந்தபோது இந்த ஊர் உண்ணாமல் இருந்தது, அதன் நினைவு என்பது பொதுவாகச் சொல்லும் காரணம். அதற்கு முன்பே, கொள்ளைநோய் வந்தாலும் அண்டை நாட்டில் சொந்த மதத்தார் துன்பப்பட்டாலும் சபையும் நகராட்சியும் சேர்ந்து உபவாச நாள் அறிவிக்கிற வழக்கம் இங்கே இருந்திருக்கிறது. டார்ட் எப்படி வந்தது? அன்று வீட்டு வேலைக்காரியும் கோவிலுக்குப் போகவேண்டும், அடுப்பு மூட்டக்கூடாது. ஆகவே முதல் நாளே ஒன்றைச் சுட்டு வைத்துவிடுவார்கள். செப்டம்பரில் மரத்தில் இருப்பது பிளம். உபவாசம் போய்விட்டது, டார்ட் தங்கிவிட்டது.

இதையெல்லாம் சொன்னவர் அந்த இரண்டாம் மாடி அம்மாள்தான். நாங்கள் ‘மதாம்’ என்று கூப்பிட்டோம், மகளும் அப்படியே. தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வெறுந்தட்டாகக் கொடுக்கிற பழக்கம் நமக்கு இல்லையே, நாலு முறுக்கு வைத்துக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, இந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மேட்டுக்குப் போய் புராட்டஸ்டண்ட் சீர்திருத்த அருங்காட்சியகத்தைப் பாருங்கள், பிள்ளையையும் கூட்டிப் போங்கள் என்றார். பிள்ளையைக் கூட்டிப்போக வேறு நல்ல இடமே இல்லையா, சீர்திருத்தப் போதகர் கால்வினைக் காட்டவா என்று கணவர் வீட்டுக்குள் வந்து கேட்டார்.

கணவருக்கு ஒரு வருட ஒப்பந்த வேலை. எனக்கு வேலை இல்லை. புதன்கிழமைகளில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளியும் இல்லை. அதனால் அந்த ஆண்டின் புதன்கிழமைகளை நானும் மகளும் அந்த மேட்டிலேயே கழித்தோம்.

ஏரிக்கரையிலிருந்து பழைய நகரத்துக்கு ஏறும் தெருக்கள் செங்குத்தானவை. உச்சியில் புனித பேதுரு தேவாலயம். அதை ஒட்டி, பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு வங்கிக்காரர் கட்டிய மாளிகை, மாலே வீடு. அதன் கீழ்த்தளத்தில் 2005-ல் திறந்தார்கள் சர்வதேச சீர்திருத்த அருங்காட்சியகத்தை. 2007-ல் ஐரோப்பிய அவையின் அருங்காட்சியகப் பரிசு இதற்குக் கிடைத்தது. பிறகு மூடி, மாற்றியமைத்து, 2023-ல் மறுபடி திறந்தார்கள். அந்த மாளிகை எழுவதற்கு முன் அதே இடத்தில் தேவாலயத்தின் முற்றமண்டபம் இருந்தது. 1536 மே 21 அன்று ஊரார் இங்கே கூடி, கையுயர்த்தி, இனி சுவிசேஷத்தின்படியே வாழ்வோம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரு நகரம் மதம் மாறிய இடத்தில் நின்றுதான் டிக்கெட் வாங்குகிறோம். அருங்காட்சியகம், தேவாலயக் கோபுரம், நிலத்தடி அகழ்வாய்வு மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு. பிள்ளையோடு போகிறவர்கள் அதை வாங்குவதே புத்தி. புத்தகம் பார்த்துச் சலித்த பிள்ளை வடக்குக் கோபுரத்தின் 157 படிகளில் ஏறி இறங்கினால் சாந்தமாகிவிடும்.

சலிக்கத்தானே செய்யும்? படங்களை வேண்டாம் என்று கழற்றி எறிந்த சபையின் அருங்காட்சியகத்தில் பார்க்க என்ன இருக்கும்? புத்தகங்கள், கடிதங்கள், கறுப்பு அங்கிபோட்ட தாடிக்காரர்கள். முதல் நாள் மகள் ஒவ்வொரு அறையிலும் கேட்ட ஒரே கேள்வி: “இதுல ஏதாவது ஒருத்தராவது சிரிக்காங்களா அம்மா?” எண்ணிப் பார்ப்போம் என்றேன். ஒரு நோட்டில் கோடுபோட்டு எண்ணினாள். அன்றைய கணக்கு பூஜ்யம்.

எனக்குக் கால் நின்றது ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன். 1535-ல் நொய்ஷாத்தேலுக்குப் பக்கத்தில் அச்சிட்ட பிரெஞ்சு வேதாகமம். மொழிபெயர்த்தவர் ஒலிவெதான், கால்வினுக்கு உறவுக்காரர். தடிமனான தாளில் எழுத்துகள் குத்தி இறங்கியிருந்தன. பக்கத்தின் மறுபுறத்தில் மேடு தட்டியிருப்பது சாய்ந்து பார்த்தால் தெரியும். அந்த மேட்டை நான் அறிவேன். என் தாத்தா நாகர்கோவிலில் மிஷன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்தார். விரல்நுனி எப்போதும் ஈயக் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கும்போதும் அந்தக் கறுப்பு போகாது. ஈய எழுத்துகளைத் தலைகீழாக வாசிக்க அவருக்கு நன்றாக வரும். நேராக அச்சான செய்தித்தாளை வாசிக்கத்தான் கண்ணாடி தேடுவார். மகளை உட்காரவைத்து அவள் பெயரைக் கண்ணாடி எழுத்தில் எழுதிக் காட்டினேன். அடுத்த வாரம் முழுவதும் பள்ளி நோட்டில் அவள் அப்படியே எழுதித் திட்டு வாங்கினாள்.

எங்கள் ஊரில் ஆட்டோக் கண்ணாடியிலும் கல்யாணப் பத்திரிகையிலும் வசனம் போடாமல் இருக்கமாட்டார்கள். யோவான் 3:16 என்பதில் அந்த 16 எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. அது இந்த ஊரிலிருந்து வந்தது. பாரிஸிலிருந்து தப்பிவந்த அச்சுக்காரர் ரொபேர் எஸ்தியேன், 1551-ல் இங்கே வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வசனங்களுக்கு எண் போட்டார். பயணத்தின்போதே எண்ணிட்டார் என்று அவர் மகன் எழுதிவைக்க, குதிரையின்மேல் இருந்தபடியே போட்டார் என்று அது வளர்ந்தது. சில வசனங்கள் பாதி வாக்கியத்தில் வெட்டுப்படுவதைப் பார்த்தால் குதிரை அங்கே தடுக்கியிருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த எண்கள் அப்படியே தமிழ் வேதாகமத்துக்கும் வந்து, வடசேரி பஸ் ஸ்டாண்டுவரை வந்து சேர்ந்துவிட்டன.

அகதிகளால் பெருத்த ஊர் இது. பத்தாயிரம் பேர் இருந்த நகரத்துக்கு பிரான்ஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கால்வினே வந்தேறிதான். நுவாயோனில் பிறந்த பிரெஞ்சுக்காரர், 1559 கடைசிவரை ஊர்க்குடி உரிமைகூட இல்லாதவர். வந்தவர்களில் பொற்கொல்லர்கள் இருந்தார்கள். சிலுவையும் கிண்ணமும் ஆபரணமும் செய்யக்கூடாது என்றதும் கைத்திறனைக் கடிகாரத்தில் இறக்கினார்கள். 1601-ல் கடிகாரக்காரர்களுக்குத் தனிச் சங்கமே வந்துவிட்டது. இன்று ஏரிக்கரைக் கடைகளில் ஒரு வீட்டின் விலைக்குக் கைக்கடிகாரம் விற்கிறதென்றால், அது நகை வேண்டாம் என்றவர்களின் கொடை.

அக்டோபரில் ஒரு நாள் அம்மாவிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, அருங்காட்சியகத்தில் அறிந்துகொண்டதைச் சொன்னேன். 1550-ல் இந்த ஊரில் ஞாயிறு தவிர எல்லாத் திருநாள்களையும் ரத்து செய்துவிட்டார்கள், கிறிஸ்துமஸ் உட்பட. டிசம்பர் 25 வார நாளில் வந்தால் கடையைத் திறந்து வேலை பார்க்கவேண்டும். அம்மா சற்று நேரம் பேசவில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“கிறிஸ்மஸ் இல்லாத சபையா? அது என்ன சபை மக்ளே?”

“நம்ம சபைதான் அம்மா. நம்ம ஊருக்கு வந்த லண்டன் மிஷன்காரங்க இந்த வழியிலே வந்தவங்கதான்.”

“நீ போ. எங்க சபையிலே நவம்பர்லயே ஸ்டார் தூக்கிருவாங்க.”

அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் டிசம்பர் மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு 1550-ஆம் ஆண்டு ஆணை ஜீரணமாகாது. ஆனால் வரலாறு நான் சொன்னதுதான். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தது லண்டன் மிஷன் சார்பில். அந்த சபைகள் பின்னால் தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947-ல் சி.எஸ்.ஐ.யில் கலந்தன. வேரில் கால்வினின் வாசனை உண்டு, கிளையில் நட்சத்திர விளக்கு தொங்குகிறது. ஒரு சபை எதை மறந்துபோகிறது என்பதுதான் எனக்கு எப்போதும் சுவாரசியம்.

இந்தத் திருநாள் ஒழிப்பு தன் யோசனை அல்ல என்று கால்வினே ஒரு கடிதத்தில் கைகழுவியிருக்கிறார். ஆனால் பெயர் விவகாரத்தில் அப்படிக் கழுவ முடியாது. 1546-ல் ஒருவர் தன் பிள்ளைக்குக் குளோத் என்று பேர்வைக்கக் கொண்டுவந்தார். அது அந்த வட்டாரத்துப் புனிதரின் பெயர், மூடநம்பிக்கை என்று சொல்லி, போதகர் பிள்ளையை ஆபிரகாம் என்று ஞானஸ்நானம் பண்ணிவிட்டார். தகப்பன் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய், பதினைந்து வயதில் அவனே பெயர் வைத்துக்கொள்ளட்டும் என்றானாம். கோவிலிலேயே கலாட்டா. அதன்பிறகு ஆகாத பெயர்களுக்கு ஒரு பட்டியலே போட்டார்கள். கீழ்த்திசை ஞானிகள் மூவரின் பெயர்களும் அதில் உண்டு. மகளுக்கு இந்தக் கதை பிடித்துப்போனது. “என் பேருக்கு விடுவாங்களா?” என்று கேட்டாள். அவளுக்குப் பழைய ஏற்பாட்டுப் பெயர்தான். விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் தானியேலும் எஸ்தரும் ஈசாக்கும் நிரம்பிக் கிடப்பதன் காரணமும் இதே வழியில் தேடினால் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நவம்பர் முதல் ஞாயிறு இங்கே சீர்திருத்த ஞாயிறு. அன்று மதியம் பாஸ்தியோன் பூங்காவுக்குப் போனோம். நுழைவாயிலில் தரையிலேயே சதுரங்கக் கட்டம் வரைந்து, பிள்ளையின் இடுப்பு உயரத்துக்குக் காய்கள் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி உள்ளே, பழைய கோட்டைச்சுவரை ஒட்டி, நூறு மீட்டர் நீளத்துக்குச் சீர்திருத்தச் சுவர். கால்வின் பிறந்த 400-ஆம் ஆண்டான 1909-ல் அடிக்கல் போட்டு, 1917-ல் முடித்தார்கள். நடுவில் சீர்திருத்தப் போதகர்கள் நால்வர்: ஃபாரெல், கால்வின், பேஸா, நாக்ஸ். ஆளுக்கு ஐந்து மீட்டர் உயரம். சிலையே ஆகாது என்ற கால்வினுக்குச் சிலை. தன் கல்லறைக்குக் குறிகூட வேண்டாம் என்று போனவர் அவர். இன்றும் அந்த இடம் சரியாகத் தெரியாது.

மகள் நோட்டை எடுத்தாள். நால்வரும் சிரிக்கவில்லை. ஆனால் பக்கவாட்டுக் கல் ஒன்றில் ஒரு பெண் பெயரைக் கண்டுபிடித்தோம்: மரி தான்தியேர். மடத்திலிருந்து வெளியேறி மணம்செய்து, 1539-ல் நவார் அரசி மார்கரீத்துக்கு அச்சிட்ட கடிதம் எழுதி, பெண்கள் வேதத்தைப் பேசினால் என்ன குற்றம் என்று கேட்டவர். அந்த நூலை நகராட்சி பறிமுதல் செய்தது. சுவரில் அவர் பெயர் ஏறியது 2002-ல்.

அடுத்த புதன்கிழமை மகளை மதாமிடம் விட்டுவிட்டு நான் மட்டும் ஷாம்பேல் பக்கம் போனேன். மிகேல் செர்வேத்துஸ், ஸ்பானிய மருத்துவர், இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போய்த் திரும்புவதை எழுதியவர். திரித்துவத்தை மறுத்ததற்காக 1553 அக்டோபர் 27 அன்று இங்கே உயிரோடு எரித்தார்கள். கால்வின் அதற்கு உடந்தை. 1903-ல் கால்வினின் வழிவந்தவர்களே ஒரு பரிகாரக் கல்லை நட்டார்கள். சிலை 2011-ல்தான் வந்தது. குடும்பத்தோடு பார்க்க என்று யாரும் இந்த இடத்தைப் பரிந்துரைப்பதில்லை. நானும் என் மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்று இருக்கிறேன். ஆனால் அந்தக் கல்லைப் பார்க்காமல் மேட்டிலுள்ள அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்தவர் பாதியைத்தான் பார்த்தவர்.

பாக்கி வட்டாரத்தில் ஒரு யாழ்ப்பாணத்தார் கடை இருந்தது. கறிவேப்பிலைக்கும் தேங்காய்க்கும் அங்கேதான் போவேன். நவம்பர் கடைசியில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது: சூப் வைக்கப்போகிறோம், பிள்ளை ஒரு காய்கறி கொண்டுவரவேண்டும், வேஷம் போட்டு வரவேண்டும். கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். “அது எஸ்கலாட், அக்கா. இஞ்ச பிள்ளையளுக்கு அதுதான் பெரிய திருநாள், கிறிஸ்மஸ் எல்லாம் பிறகுதான். என்ர மகன் போன வருசம் வாளும் கேடயமுமாப் போனவன்” என்று சொல்லிவிட்டு, ஒரு முருங்கைக்காயை எடுத்துப் பையில் போட்டார். “இதைக் குடுத்து விடுங்கோ. கரட்டும் லீக்சும் எல்லாரும்தான் கொண்டு வருவினம்.”

எஸ்கலாட் என்றால் ஏணிவைத்து ஏறுதல். 1602 டிசம்பர் 11 இரவு, சவாய் நாட்டு டியூக் சார்ல் எம்மானுவேலின் படை, கறுப்புப் பூசிய ஏணிகளை மதில்மேல் சாய்த்து ஏறியது. கத்தோலிக்க டியூக்குக்குப் புராட்டஸ்டண்ட் நகரம் வேண்டும். வருடத்தின் மிக நீண்ட இரவு அது. டிசம்பர் 11-ல் எப்படி என்று கேட்கலாம். போப்பு திருத்திய நாள்காட்டியை ஜெனீவா 1701 வரை ஏற்கவில்லை, சூரியனோடு பத்துநாள் பிசகியே இருந்தது. போப்போடு ஒத்துப்போவதைவிடச் சூரியனோடு முரண்படுவது மேல் என்று இருந்த சபை! விழாவை இன்றும் பழைய தேதியிலேயே வைத்திருக்கிறார்கள்.

காவலாள் ஒருவன் சத்தம் கேட்டுச் சுட, தேவாலயத்தின் பெரிய மணி கிளெமான்ஸ் அலற, ஊரார் இரவுச் சட்டையோடு ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நாணயச்சாலை வாசலுக்குமேல் குடியிருந்த ருவாயோம் அம்மாள், ஈயப்பாத்திரம் செய்பவரின் மனைவி, பதினான்கு பெற்றவர் என்று பேச்சு, கைக்கு அகப்பட்ட சட்டியை எதிரியின் தலையில் போட்டார். சட்டி போட்டது பழைய எழுத்துகளிலேயே இருக்கிறது. அதில் கொதிக்கிற காய்கறி சூப் இருந்தது என்பது பின்னால் சேர்ந்த ருசி. விடியும்போது ஜெனீவாவில் 18 பேர் செத்திருந்தார்கள். பிடிபட்ட 13 பேரைத் தூக்கிலிட்டு, இறந்தவர்களோடு சேர்த்து 67 தலைகளை மதிலில் நட்டார்கள். கால்வினுக்குப் பின்வந்த பேஸாவுக்கு அப்போது 83 வயது, காது மந்தம். இரவு முழுக்கத் தூங்கிவிட்டு, காலையில் விவரம் கேட்டு, 124-ஆம் சங்கீதத்தைப் பாடச்சொன்னாராம். அந்த விழாவுக்கு இன்றும் அதே சங்கீதம்தான்.

67 தலைகள் இருந்த இடத்தில் இப்போது சாக்லேட் சட்டி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிட்டாய்க்காரர்கள் கண்டுபிடித்தது. மூன்று கால், இரண்டு பிடி, வயிற்றில் கழுகும் சாவியுமான ஊர்ச் சின்னம். உள்ளே பாதாம் விழுதால் செய்த குட்டிக் கேரட், குட்டிக் கோஸ், சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதம் சுற்றிய மிட்டாய். டிசம்பர் பிறந்ததும் எந்தக் கடைச் சன்னலிலும் இதுதான். உள்ளங்கை அளவிலிருந்து நம் கல்யாண வீட்டு அண்டா அளவுவரை.

பள்ளிக்கு மகள் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, கையில் எவர்சில்வர் தூக்குவாளியோடு போனாள். ருவாயோம் அம்மாளாம். வகுப்பில் ஏழு ருவாயோம் அம்மாள்கள், மரவாள் ஏந்திய ஒரு படை, இரண்டு ஸ்பைடர்மேன். முருங்கைக்காயை எப்படி நறுக்குவது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. மகள் விரல்நீளத்துக்கு ஒடித்து, நார் உரித்துக் காட்டினாளாம். சூப்பில் கிடந்த துண்டை முழுதாக மென்று விழுங்கப் பார்த்த பையனை அவள்தான் தடுத்தாள். ஒரு பிள்ளை மொரோக்கோ, ஒன்று போர்ச்சுகல், ஒன்று கொசோவோ. ஊரில் இன்று புராட்டஸ்டண்டுகளைவிடக் கத்தோலிக்கர் அதிகம். 1907-லேயே சபையையும் அரசையும் பிரித்துவிட்ட மாநிலம், பள்ளியில் மத போதனை கிடையாது. ஆனால் ஒரு கத்தோலிக்க டியூக்கைச் சட்டியால் அடித்த கதைக்கு அத்தனை பிள்ளைகளும் கேரட் சீவுகிறார்கள். சண்டை யாருக்கும் யாருக்கும் என்பது ஆவியாகிவிட்டது.

சனி ஞாயிறு இரண்டு நாளும் பழைய நகரத்தில் வாகனம் கிடையாது. ‘1602 கம்பெனி’ என்று 1926-ல் தொடங்கிய சங்கம் ஒன்று இதை நடத்துகிறது. எண்ணூறு பேர் அந்தக் காலத்து உடையில் வருகிறார்கள். கொல்லர் நடுத்தெருவில் உலை ஊதுகிறார், பழைய துப்பாக்கிகள் புகை கக்குகின்றன, தெருமுனைகளில் சூடான மசாலா ஒயினும் சூப்பும். மோனெத்தியே சந்து என்று ஒன்று, வருடத்தில் இந்த விழாவுக்கு மட்டும் திறப்பது. பழைய மதிலுக்கும் வீடுகளுக்கும் இடையில் அது போகிறது. சில இடங்களில் நான் பக்கவாட்டில்தான் போகமுடிந்தது. கணவர் குளிர்கோட்டு போட்டிருந்ததால் நடுவில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்த கூட்டத்தை நிறுத்திவைத்தார். மகள் முன்பக்கமிருந்து இழுத்தாள். பின்னாலிருந்து ஒரு கவச வீரர் தள்ளினார்.

ஞாயிறு மாலை தீப்பந்த ஊர்வலம். குதிரைகள், பறை, குழல், ஈட்டிகள். ஒவ்வொரு முற்றத்திலும் நின்று, ஊருக்கு வெற்றி என்ற அறிவிப்பைக் குதிரைமேலிருந்து வாசித்தார்கள். கடைசியில் தேவாலயத்தின் முன், அருங்காட்சியகத்து வாசலிலிருந்து கல்லெறி தூரத்தில், பெரிய சொக்கப்பனை. சொக்கப்பனை என்று நான்தான் சொல்கிறேன். கார்த்திகைக்குச் சுசீந்திரம் பக்கம் பார்த்த அதே தீ, அதே மூஞ்சிச் சூடு, முதுகுக் குளிர். திருநாள்களையெல்லாம் எடுத்துப்போட்ட தேவாலயத்தின் கல் முகப்பு அந்த வெளிச்சத்தில் மஞ்சளாக ஆடியது. அன்றுதான் எனக்குத் தோன்றியது: திருநாள் இல்லாமல் மனிதரால் முடியவில்லை. ஒன்றைப் பிடுங்கினால், பிடுங்கிய கதைக்கே ஒரு திருநாள் முளைத்துவிடுகிறது.

மறுநாள் மதாம் வீட்டில் சட்டி உடைப்பு. நடுத்தர அளவுச் சட்டி, வெள்ளை மேசைவிரிப்பு. அறையில் இருப்பவர்களில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து உடைக்கவேண்டும் என்பது முறை. மதாமும் மகளும். அவர் மகளின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, சுருங்கிய விரல்கள் நடுங்க, ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார். குடியரசின் எதிரிகள் இப்படி அழிந்தார்கள் என்று பொருள். மகள் பிரெஞ்சில் தடுமாறாமல் சொன்னாள். நான்கு கைகளும் ஓங்கி இறங்கின. மூடி தெறித்து அலமாரிக்கு அடியில் போய்விழுந்தது. பாதாம் கேரட்டுகள் மேசையெங்கும் உருண்டன. மதாம் சிரித்த சிரிப்பில் பல்செட் நகர்ந்தது. மகள் அவசரமாகப் போய் நோட்டை எடுத்துவந்து, முதல் முறையாக ஒரு கோடு போட்டாள்.

கிறிஸ்துமஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது பின்னாளில் இங்கே திரும்பி வந்துவிட்டது. மற்ற ஐரோப்பிய ஊர்களில் போலவே சந்தையும் விளக்கும் மரமும். அம்மாவுக்கு விளக்குகளை வீடியோவில் காட்டிச் சமாதானம் செய்தேன்.

குளிர்காலத்தில் ஒரே ஒரு வேடிக்கை. திரேய் உலாச்சாலையில் ஒரு கஷ்கொட்டை மரம் இருக்கிறது. அதில் முதல் தளிர் விரிந்த நாளே ஜெனீவாவின் வசந்தம். 1818-லிருந்து குறித்துவைக்கிறார்கள். பார்த்து அறிவிப்பது சட்டமன்றத்து அதிகாரி ஒருவரின் வேலை. ஆண்டு முடிவதற்குள்ளேயே தளிர்த்து அவரைத் திகைக்கவைத்த வருடங்களும் உண்டு. நாங்களும் புதன்தோறும் போய் அண்ணாந்து பார்த்தோம். நாங்கள் பார்த்த எந்தப் புதனிலும் தளிர்க்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தளிர்த்தது.

மே மாதத்தில் அருங்காட்சியக இரவு. ஊரிலுள்ள அருங்காட்சியகங்கள் நள்ளிரவுவரை திறந்திருக்கும். பிள்ளைகளுக்குத் தூக்கத்திலிருந்து விடுதலை. மாலே வீட்டிலிருந்து நிலத்தடி வழியாகத் தேவாலயத்துக்கு அடியிலுள்ள அகழ்வாய்வுக்குப் போகலாம். பகலில் பத்துமுறை போன வழிதான், இரவில் வேறாக இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டு மொசைக் தரை, ஞானஸ்நானத் தொட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் அல்லோபிரோகர் குலத் தலைவன் ஒருவனின் சமாதி. அவன் கல்லறைக்குமேல் கோவில், கோவிலுக்குமேல் கோவில். 1535-ல் நிறுத்திய கத்தோலிக்கப் பூசை, மேலே அதே தேவாலயத்தில் மறுபடி நடந்தது 2022 மார்ச் 5 அன்று. இடையில் 487 வருடம். சீர்திருத்த சபையே அழைத்திருந்தது. இதைச் சொன்னபோது கணவர், “அப்போ டியூக் வந்தது நாலு நூற்றாண்டு சீக்கிரம்” என்றார்.

திரும்பி மாலே வீட்டுக்கு வந்து, இந்த இடத்தில்தான் கையுயர்த்தி ஓட்டுப் போட்டார்கள் என்று மகளிடம் சொன்னேன். அவள் உடனே கையை உயர்த்தினாள். “பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்லை” என்றேன். கையை இறக்கவில்லை.

ஜூனில் ஒரு ஞாயிறு, தேவாலயத்துக்குப் பக்கத்திலுள்ள கால்வின் சொற்பொழிவுக்கூடத்துக்குப் போனோம். நாக்ஸ் இங்கிலாந்து அகதிகளுக்குப் பிரசங்கித்த இடம். இன்றும் ஸ்காட்லாந்து சபையின் ஆங்கில ஆராதனை அங்கே நடக்கிறது. வெள்ளைச் சுவர், மர நாற்காலிகள், வேறு ஒன்றும் இல்லை. காணிக்கை நேரத்தில் ஆர்கன் ஒரு மெட்டைத் தொடங்கியது. மகள் என் சேலையை இழுத்தாள்.

“அம்மா, இது நம்ம சர்ச் பாட்டு.”

பழைய நூறாம் சங்கீத மெட்டு. 1551-ல் இந்த ஊர்ச் சங்கீதப் புத்தகத்தில் முதலில் வந்தது. லூயி பூர்ஷ்வா அமைத்தது என்பார்கள். அதே பூர்ஷ்வா, பழகிய சில மெட்டுகளை அனுமதி கேட்காமல் மாற்றியதற்காக இங்கே சிறைக்குப் போய், கால்வின் தலையிட்டு வெளியே வந்தவர். அந்த மெட்டு ஸ்காட்லாந்து போய், இங்கிலாந்து போய், கப்பலேறி எங்கள் ஊர்ப் பாமாலைக்கு வந்து, காணிக்கைத் தட்டு ஆல்டருக்குப் போகும்போது வாரா வாரம் பாடப்படுகிறது. கூடத்தில் எல்லோரும் எழுந்து ஆங்கிலத்தில் பாடினார்கள். மகள் தமிழில் பாடினாள், சத்தமாக. அளவு சரியாகவே இருந்தது.

ஜூலையில் ஊர் திரும்பினோம். மதாமுக்கு என் தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு வந்தேன், அவர் கேட்டார்.

டிசம்பர் 12 அன்று காலையிலேயே மகள் தொடங்கிவிட்டாள். நாகர்கோவிலில் சாக்லேட் சட்டிக்கு எங்கே போவது? வடசேரி சந்தையில் ஒரு மண்சட்டி வாங்கி, கடலைமிட்டாயும் ஏத்தங்காய் சிப்ஸும் நிரப்பி, முற்றத்தில் வைத்தோம். மூத்தவர் அம்மா, இளையவள் இவள். அம்மா கையைக் கொடுக்க மறுத்தாள்.

“நல்ல சட்டியை ஆராவது உடைப்பாங்களா மக்ளே? ரெண்டு நாள் கஞ்சித்தண்ணி ஊத்தி வச்சா ஒண்ணாந்தரமா மீன்கறி வைக்கலாம்.”

“உடைச்சாதான் பாட்டி எதிரி அழிவான்.”

“ஆரு எதிரி?”

மகள் யோசித்தாள். பதில் சொல்லாமல் பாட்டியின் கையைப் பிடித்து வைத்து, பிரெஞ்சு வாக்கியத்தைச் சொல்லி ஓங்கினாள். முதல் அடிக்கு உடையவில்லை. இரண்டாவதற்கு உடைந்தது. கடலைமிட்டாய் மண்ணில் சிதறியது, பிள்ளைகள் பொறுக்கினார்கள். அம்மா குனிந்து, அடிப்பாகம் முழுசாக இருந்த பெரிய ஓட்டை எடுத்துத் தூசி தட்டினாள். கோழிக்குத் தண்ணி வைக்க ஆகும் என்று கொல்லைப்பக்கம் கொண்டுபோனாள்.